சொந்தப் புத்தியும் ஒரு கிடாயும்

கால மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வச்சுக்கங்க சார். முட்ட மாட்டான், சாதுவான பய. ஷூ கயிறைத்தான் உள்ள சொருகிக்கணும். தழைன்னு நெனச்சு இழுத்துப்புடுவான். டிக்கெட்டையும் பையில வைங்க. என் டிக்கெட்டு அவன் வயித்துக்குள்ள போயிருச்சு. செக்கிங் ஏறினா நீங்கதான் எனக்குச் சாட்சி.

லக்கேஜ் போட்டுத்தான் ஏத்தியிருக்கேன், பயப்படாதீங்க. கண்டக்டரு கேட்டாரு, "என்னய்யா, கிடாயைக் கூட்டிக்கிட்டு டூரா?"ன்னு. "சீர்ண்ணே"ன்னேன். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. கருப்பணசாமி கோயில்ல, பத்தரைக்கு. நான்தான் தாய்மாமன். என் மடியில பாப்பா உக்காந்தாத்தான் ஆசாரி ஊசியவே எடுப்பாரு. நம்ம பக்கம் அதுதானே வழக்கம்?

ஆனா பத்து நாளைக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா, "செத்தாலும் அந்தக் கோயில் வாசல மிதிக்க மாட்டேன்"னு சொல்லியிருப்பேன். சத்தியமே பண்ணியிருந்தேன். கற்பூரம் ஒண்ணுதான் அடிக்கல.

எல்லாம் எங்க மாப்ளையால. தெய்வேந்திரன்னு பேரு, தங்கச்சி பஞ்சவர்ணத்தோட வீட்டுக்காரன். பரமக்குடிப் பக்கம் லைன்மேன். நல்லவன் சார். நல்லவன்தான். ஆனா சொந்தப் புத்தி கிடையாது. அப்பப்ப யாரு என்ன சொன்னாலும் ஆமாங்கிற ஆளு. நான் அப்படி இல்ல. நான் யாரு சொல்லியும் கேக்குற ஆளில்ல. எதா இருந்தாலும் சொந்தமா யோசிப்பேன்.

நமக்குத் தொழில் கறிக்கடை சார். திருப்பாச்சேத்தியில. சோணைமுத்து கறிக்கடைன்னு யாரைக் கேட்டாலும் கைகாட்டுவாங்க. தெய்வேந்திரன் கல்யாணத்தப்ப நல்லாத்தான் திம்பான். ஒரு நாளு கம்பத்துல ஏறுனவன் மேல இருந்து வழுக்கிட்டான். பக்கத்துல ஒரு மாமரம். கிளையப் புடிச்சுத் தொங்கிப் பொழச்சுக்கிட்டான். அன்னைல இருந்து கறிய விட்டுட்டான். கேட்டா, அவன் குரல்லயே சொல்றேன் கேளுங்க, ஆளு ரொம்ப இழுத்து, மூக்கால பேசுவான்: "மச்சாஆன்... என்னையக் காப்பாத்துனது மரம் மச்சான். ஆடு இல்ல."

இதுக்கு என்ன பதில் சொல்றது? கம்பத்துக்குக் கீழ ஆடு நின்னிருந்தா அதுவும்தான் தாங்கியிருக்கும்!

மூணு வருசத்துக்கு முன்னாடி மூத்தவனுக்குக் காதுகுத்து. நான் கிடா ஓட்டிக்கிட்டுப் போறேன். இவன் வாசல்லயே மறிக்கிறான். "வேண்டாம் மச்சான். சக்கரைப் பொங்கல் வச்சுருவோம். அந்த ஆட்டோட கண்ணை ஒரு தடவையாச்சும் பாத்துருக்கியா மச்சான்?"

நான் விடுவேனா? கறிக்கடைக்காரன் மருமகனுக்குப் பொங்கலா? "நான் எதுக்குடா கண்ணைப் பாக்கணும்? எனக்கு வேலை கழுத்துல. இங்க பாரு மாப்ள, ஆடு தழையத் திங்குது. நான் ஆட்டைத் திங்கிறேன். அப்ப நான் திங்கிறதும் தழைதான். நடுவுல ஒரு கை மாறுது, அம்புட்டுத்தான்!"னேன். பந்தலே சிரிச்சுச்சு சார். பூசாரி சிரிச்சதுல விபூதி பறந்துருச்சு. கடைசியில ஒரு பக்கம் பொங்கல், ஒரு பக்கம் குழம்புன்னு முடிஞ்சுச்சு.

அதுக்குப் பெறகும் நான் அவனுக்கு ஒண்ணும் குறை வைக்கல. சொல்றேன் கேளுங்க. அவன் பட்டன் போன் மழையில நனைஞ்சு போச்சுன்னு டச் போன் ஒண்ணு வாங்கினான். ஆன் பண்ணத் தெரியல, எங்கிட்ட கொண்டாந்தான். அது மெயில் ஐடியக் குடு, ஐடியக் குடுங்குது. அவனுக்கு ஏது ஐடி? எனக்கே ஜெராக்ஸ் கடைப் பொண்ணு போட்டுக் குடுத்ததுதான். சரி, சொந்தக்காரன்தானே, இதுல என்ன தனித்தனியான்னு என் ஐடியையே அவன் போன்லயும் போட்டு விட்டுட்டேன். ஒரு வீட்டுச் சாவிய ரெண்டு பேரு வச்சுக்கிறதில்லையா? இன்னைக்கு வரைக்கும் அதுலதான் வீடியோ பாக்குறான்.

என்ன சார், சடார்னு நிமிந்துட்டீங்க? கடிச்சுட்டானா? இல்லையா? ஏதோ சொல்ல வர்றீங்க. இருங்க, இருங்க, முடிச்சுக்கிறேன். இதுக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்ல. அவனுக்கு நான் எம்புட்டுச் செஞ்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும்ல, அதுக்குச் சொன்னேன்.

அந்தச் சமயத்துலதான் எனக்குள்ள ஒரு மாற்றம் வந்துச்சு சார்.

அதுவரைக்கும் நான் பாக்குற வீடியோவே வேற. ஆத்தங்கரையில அண்டா வச்சு அம்பது கோழியப் போட்டுக் கிண்டுவாங்க பாருங்க, அது. தலைக்கறி, குடல், ஆட்டுக்கால். ஒரு நாளு மத்தியானம் கல்லாவுல உக்காந்து போனத் தள்ளிக்கிட்டு இருக்கேன், திடீர்னு ஒரு தாடிக்காரரு வர்றாரு. "உங்கள் வயிறு என்ன சுடுகாடா?"ங்கிறாரு. யாருய்யா நீன்னு தள்ளி விட்டுட்டேன். மறுநாளு ஒரு அம்மா, வரகரிசி இட்லி. தள்ளினேன். அதுக்கு மறுநாளு திரும்பத் தாடிக்காரரு. நான் தேடவே இல்ல சார்! அதுவா வருது. இத்தனை கோடி சனத்துல என்னையத் தேடி வருதுன்னா, எனக்கு வேணும்னு தெரிஞ்சுதானே வருது? சரி, என்னதான் சொல்றாருன்னு ஒண்ணே ஒண்ணு பாத்தேன். ஒண்ணு பாத்தா ஒம்பது வருது.

ஒரு வீடியோவுல ஒண்ணுமே பேசல சார். ஒரு ஆட்டுக் கண்ணு. பின்னாடி வயலின். அம்புட்டுத்தான். மூணு நிமிசம். நான் கல்லாவுல உக்காந்து தேம்பித் தேம்பி அழுகுறேன். வரிசையில நின்ன ஆளு, "என்னண்ணே, ஈரல் தீந்துருச்சா?"ங்கிறாரு.

அன்னையோட கறிய விட்டேன். யாரும் சொல்லல. நானா யோசிச்சேன். மூணு மாசம் உக்காந்து வீடியோவாப் பாத்துப் பாத்து, நானா, சொந்தமா யோசிச்சேன்.

கடையா? கடை ஓடுது சார், அது எதுக்கு நிக்கணும்? வெட்டுறதுக்கு ஆளு இருக்கு. நான் கல்லாவுல உக்காந்து எடுத்துச் சொல்லுவேன். "அரைக் கிலோ எதுக்குண்ணே? கால் போதாது? அதுவும் வேணுமான்னு வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்." எம் பொண்டாட்டி ராக்கு தலையில அடிச்சுக்கிட்டா. "கறிக்கடைக் கல்லாவுல உக்காந்து கருணை பேசுற ஒரே மனுசன் நீதான்யா. ஒண்ணு கடையச் சாத்து, இல்ல வாயச் சாத்து"ன்னா. அவளுக்கு இதெல்லாம் புரியாது. அவ வீடியோவே பாக்குறதில்ல.

இப்பத்தான் சார் முக்கியமான கட்டம்.

தை மாசம் தெய்வேந்திரன் கடைக்கு வர்றான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். மாப்ள, நீ சொன்னது சரிதான்டா, நானும் உன் கட்சிக்கு வந்துட்டேன்டான்னு சொல்லிக் கட்டிப் புடிக்கலாம்னு எந்திரிக்கிறேன். அவன் வாயத் தொறந்தான்.

"மச்சாஆன்... நெஞ்செலும்பு ஒரு கிலோ போடு."

யாருக்குடான்னேன். எனக்குத்தாங்கிறான். தெனம் எலும்பு சூப்பு குடிக்கிறானாம். கம்பம் ஏற முட்டிக்கு வலு வேணுமாம். "அடேய், மரம் காப்பாத்துச்சுன்னு சொன்னியேடா?"ன்னேன். சொல்றான் பாருங்க: "மரம் நின்னுச்சு மச்சான். மரத்தைப் புடிச்சது யாரு? என் கை. கைக்கு வலு எங்க இருந்து வந்துச்சு? சின்ன வயசுல தின்ன கறி!"

யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். "யாரும் சொல்லல மச்சான், நானா யோசிச்சேன்"ங்கிறான். சிரிப்பு வந்துருச்சு எனக்கு. பொழுதன்னைக்கும் போன்ல அண்டா வீடியோ, ஆட்டுக்கால் வீடியோன்னு பாக்குறானாம், பஞ்சு சொல்லுச்சு. கண்டதைப் பாத்துட்டு நானா யோசிச்சேங்கிறான். அந்தப் போன் இவன் மூளையக் கழட்டி வேற மூளைய மாட்டிருச்சு சார். நீங்க படிச்ச ஆளு, பையி பாத்தா கம்ப்யூட்டர் வேலை மாதிரி இருக்கு. மனுசனை இப்படியா மாத்தும் ஒரு போனு? இருங்க, சொல்லாதீங்க, கதைக் கோர்வை விட்டுப் போயிரும்.

போன மாசம் பொண்ணு காதுகுத்துக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட வந்தாங்க புருசனும் பொண்டாட்டியும். பாப்பா பேரு கவினி. ரெண்டு வயசு. பொறந்தப்ப மொத மொத நாக்குல சேனை தொட்டு வச்சது நான்தான். அதுக்கு மாமான்னு வாயில வராது. 'மேமா'ம்பா. வந்த உடனே என் வயித்து மேல ஏறிப் படுத்துக்கிருச்சு. இவன் ஆரம்பிக்கிறான்: "மச்சான், சீரோட கிடா வந்துரணும். எட்டுக் கிலோ நிக்கிற மாதிரி."

நான் ஒண்ணும் கோவப்படல சார். மெதுவா, பாசமா, லேசா இழுத்துத்தான் சொன்னேன். "மாப்ளேஏ... அந்த ஆட்டோட கண்ணை ஒரு தடவையாச்சும் பாத்துருக்கியா மாப்ள? சக்கரைப் பொங்கல் வச்சுருவோமே?"

அவன் என்ன சொன்னான் தெரியுமா? நெஞ்சைப் புடிச்சுக்கங்க. "ஆடு தழையத் திங்குது மச்சான். நான் ஆட்டைத் திங்கிறேன். அப்ப நான் திங்கிறதும் தழைதான். நடுவுல ஒரு கை மாறுது!"

எங்க இருந்து சார் வந்துச்சு இந்த வாயி? இப்படி ஒரு ஈவு இரக்கம் இல்லாத பேச்ச எம் பொறப்புல நான் கேட்டதில்ல!

என்ன சார் சிரிக்கிறீங்க? நான் சொன்னதா? நான் எப்ப... அட. அது வேற சார். நான் சொன்னப்ப அதுல ஒரு தமாசு இருந்துச்சு. இவன் நெசமாச் சொல்றான். வித்தியாசம் இருக்குல்ல?

பேச்சு தடிச்சுப் போச்சு. உன் வயிறு சுடுகாடான்னு நான் கேக்க, பரம்பரை வழக்கத்தை மாத்துறதுக்கு நீ யாருன்னு அவன் கேக்க, கடைசியில சொல்லிட்டான் சார் அந்த வார்த்தைய. "கிடா இல்லேன்னா நீ வராத. பஞ்சுக்கு அண்ணன் நீ ஒருத்தன்தானா? உங்க சித்தப்பா மகன் இருக்கான்ல. அவன் மடி என்ன, ஓட்டையா?"

ஓட்டையான்னு கேட்டான் சார். என் வயித்து மேல பாப்பா தூங்குது. அப்படியே தூக்கிப் பஞ்சு கையில குடுத்தேன். "போங்க. அவன் மடியிலயே உக்கார வைங்க. நான் வரல"ன்னேன். பஞ்சு அழுதுக்கிட்டே போச்சு. அதோட பேச்சு வார்த்தை கிடையாது. அவனும் போன் பண்ணல, நானும் பண்ணல.

யம்மா, யம்மா! முன் சீட்டு அம்மா! தண்ணி பாட்டில நேரா வைங்கம்மா, ஆட்டு மேல ஒழுகுது. பாத்தீங்களா, சிலுப்பிட்டான்! இது செல்லாது சார். தண்ணி தெளிச்சு ஆடு சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு குடுத்ததா அர்த்தம், தெரியும்ல? ஆனா அது சாமி முன்னாடி நடக்கணும். பஸ்ஸுல சிலுப்புனதெல்லாம் கணக்குல வராது. டேய், அங்க போயி சிலுப்பிறாத. அட, என் வாயில இருந்து தப்பி வந்துருச்சு... ஒண்ணும் இல்ல சார். விடுங்க.

அப்புறம் எப்படிக் கிடாயோட கெளம்புனேன்னு கேக்குறீங்களா? இதுதான் சார் அதிசயம். எம் போனு என்னைய அனுப்பி வச்சுச்சு.

சண்டை நடந்து ஒரு வாரம் இருக்கும். தேடுற இடத்துல கை வைக்கிறேன். நான் ஒரு எழுத்து அடிக்கல. கீழ தானா எழுதிக் கெடக்கு, பக்கத்துல ஒரு சின்னக் கடிகாரப் படம் போட்டு. என்னன்னு? 'தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தலாமா'. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு! என் மனசுல ராப்பகலா ஓடிக்கிட்டு இருந்த கேள்வி சார் அது. ராக்குகிட்டகூடச் சொல்லல. அதுக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு நாள் கழிச்சுப் பாக்குறேன். 'கோபமாக இருக்கும் மச்சானை சமாதானம் செய்வது எப்படி'. மாப்ளன்னு வந்திருக்கணும், மச்சான்னு போட்டிருந்துச்சு. மிஷினுதானே, மொறை அதுக்கு எங்க தெரியும்? ஆனா விசயத்தைப் புடிச்சுருச்சு பாருங்க!

அப்பத்தான் நெனச்சேன். நம்ம மனசே கெடந்து தவிக்குது, போனே பாத்துட்டுச் சொல்லுது, நமக்கு எதுக்கு வீம்பு? நம்ம கொள்கை பெருசா, பாப்பா காது பெருசா? பாப்பா காதுதான் பெருசு. சரி, அவன் கேட்ட கிடாயக் கொண்டு போயிருவோம். நான் திங்க வேண்டாம். மடிய மட்டும் குடுத்துட்டு வந்துருவோம்.

சந்தைக்குப் போயி இவனைப் புடிச்சேன். கறிக்கு ஆடு பாக்கத் தெரியும் நமக்கு. சாமிக்குப் பாக்குறது வேற, சுழி பாக்கணும், ஊனம் இருக்கக் கூடாது. எல்லாம் வீடியோவுல பாத்துத்தான் புடிச்சேன். பத்து நாளு வீட்டுல கட்டி வச்சிருந்தேன் சார். அவனுக்கு என்ன தழை புடிக்கும், வயிறு உப்புனா என்ன குடுக்கணும், ஆடு ஏன் ராத்திரி கத்துது, பொழுதுக்கும் அதையேதான் தேடித் தேடிப் பாத்தேன். ஆடு சிரிக்கிற வீடியோவே இருக்கு சார், தெரியுமா? நாப்பது தடவை பாத்திருப்பேன்.

இதுல ஒரு சோதனை. நான் கிடாதான்னு மனசக் கல்லாக்கி முடிவு பண்ண நாள்ல இருந்து, போன் என்னையக் கலைக்கப் பாக்குது. தொறந்தா சக்கரைப் பொங்கல்! இருநூறு பேருக்குச் சக்கரைப் பொங்கல், அடி பிடிக்காம. சேனைக்கிழங்கைக் கறி மாதிரி வறுக்கிறது எப்படி. 'சைவ விருந்து: உங்கள் மச்சான் அசந்து போவார்'. பாருங்க, எனக்குள்ள இருக்கிற சைவம் அதுக்குத் தெரியுது, விடாமக் கூப்பிடுது. நான் மசியலையே! யாரு சொல்லியும் கேக்குற ஆளா நானு?

கிடாயோட வர்றேன்னு அவங்ககிட்டச் சொல்லல. திடுதிப்புனு போயி நிக்கணும். தெய்வேந்திரன் மூஞ்சிய அப்பப் பாக்கணும் சார் நான்.

ஒரு நிமிசம் சார். போன் அடிக்குது. பஞ்சுதான்.

"சொல்லுத்தா... வராம இருப்பேனா? பஸ்ஸுலதான் இருக்கேன்... அந்தச் சத்தமா? அது... பஸ்ஸுல யாரோ ஒருத்தரு இருமுறாரு... என்னது?... யாரு? அவனா?... எப்ப இருந்து?... கண்ணைப் பாத்தியான்னா கேட்டான்?... இருநூறு பேருக்கா?... சரி. சரித்தா. வையி."

சார்.

கிடா வேண்டாம்னுட்டானாம் சார். சமையக்காரரையே மாத்தி, சக்கரைப் பொங்கல், சேனைக்கிழங்கு வறுவல்னு எறக்கிட்டானாம். "உங்க அண்ணன் சைவம்ல, அவரு மனசு நோகக் கூடாது"ன்னு அவனாச் சொன்னானாம். பத்து நாளா அவன் போன்ல பூராம் ஆடாக் காட்டுச்சாம். ஆடு தழை திங்குது, ஆட்டுக்கு வயிறு உப்புது, ஆடு சிரிக்குது. பாத்துப் பாத்து ஒரு நாளு கம்பத்துக்குக் கீழ உக்காந்து அழுதுட்டானாம். "அந்தக் கண்ணைப் பாத்தியா பஞ்சு"ன்னானாம்.

நான் அன்னைக்கு வீட்டுல வச்சுச் சொன்ன அதே வார்த்தை சார்! என் பேச்சு வேலை செஞ்சிருச்சு. லேட்டாத்தான் செஞ்சிருக்கு. கம்பத்துல ஏறி எறங்குற ஆளு, மண்டைக்குள்ள எறங்க நேரமாகும்ல.

ஆனா ஒண்ணு கேக்குறேன். தாய்மாமன் சீரு கொண்டு வர்றேன். அதை வேண்டாம்னு சொல்ல இவன் யாரு? பத்து நாளு தழை வச்சு, சுழி பாத்து, லக்கேஜ் போட்டுக் கொண்டாந்தா, பொங்கலாம்ல பொங்கல்! பரம்பரை வழக்கத்தை மாத்துறதுக்கு இவனுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? போயிக் கேக்குறேன் பாருங்க. கிடா கிடாதான். வெட்டியே தீரணும்னு நிக்கப் போறேன்...

டேய். ஏன்டா என் மடியில தலைய வைக்கிற? வேட்டி பூராம் எச்சி. பாருங்க சார், எப்படிப் பாக்குறான்னு. கத்துறதும் பாப்பா கூப்பிடுற மாதிரியே இருக்கு.

சரி. கோயில்லயே நேந்து விட்டுருவோம். சாமி கிடாயாத் திரியட்டும். ஆனா சண்டை போட்டுட்டுத்தான் விடுவேன். சும்மா விட்டா மாப்ள ஜெயிச்ச மாதிரி ஆயிரும்.

கோயில் விலக்கு வருது சார், எந்திரிக்கணும். மணி என்ன... அட, இந்தா பாருங்க! இங்க பாருங்க சார் போன! இப்பத்தான், இந்த நிமிசம் மனசுக்குள்ள நெனச்சேன், ஊசி குத்துறப்ப பாப்பா அழுதா தாங்குவேனான்னு. வாயத் தொறந்து சொல்லக்கூட இல்ல. அதுக்குள்ள காட்டுது பாருங்க: 'காது குத்தும்போது குழந்தை அழாமல் இருக்க'. அடியில செவப்புக் கோடு வேற, பாதி வரைக்கும் யாரோ பாத்த மாதிரி. நான் தொடவே இல்ல!

என் மனசு இதுக்குத்தான் சார் தெரியுது. பதினோரு வருசமா மாப்ளையா இருக்கான் அந்தத் தெய்வேந்திரன், எனக்குள்ள என்ன ஓடுதுன்னு அவனுக்கு ஒரு நாளாச்சும் தெரிஞ்சிருக்குமா?

கண்டக்டர்ண்ணே, எறக்கம் இருக்கு! டேய், வாடா. என்ன சார், ஐடின்னு ஏதோ ஆரம்பத்துல இருந்தே சொல்ல வந்தீங்களே? இன்னொரு நாளைக்குப் பாத்துக்குவோம் சார், நேரமில்ல. பந்தல்கிட்ட நின்னு எட்டி எட்டிப் பாக்குறான் பாருங்க, கையில போன வச்சுக்கிட்டு, அவன்தான். கோயிலுக்கு இன்னும் அரை பர்லாங்கு நடக்கணும். வீடியோவுல பாதிதான் பாக்கி. நடந்துக்கிட்டே மீதிய நான் பாத்துக்கிறேன்.